திரும்பிப் பார்க்காத நடை

முத்தத்தின் விலை அன்று காலை வீட்டு வாசலில் ஒரு பிஸ்கட்டாக இருந்தது. பெரிய பாலத்தைத் தாண்டும்போது இரண்டாக ஏறியது. நகரம் முடிந்து வயல்கள் தெரிய ஆரம்பித்த இடத்தில் விற்பவர் நான்கு கேட்டார். அதுவும் கிரீம் வைத்ததாக இருக்க வேண்டும் என்றார். வாங்குபவர் கொடுத்தார். விற்பவர் நான்கையும் வாயில் அடைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முன்பணம் போனது, சரக்கு வரவில்லை.

விற்பவருக்கு வயது இரண்டே கால். வீட்டில் அவருக்கு முதலாளி என்று பெயர். அவருக்குக் கீழே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, ராத்திரி ஷிப்ட் உண்டு, கத்தினால் ஓடிவந்து நிற்க வேண்டும். இப்படிப்பட்டவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வாங்குபவர் அவருடைய அப்பா. பூட்டு, கீல், தாழ்ப்பாள், ஆணி விற்கும் இரும்புக் கடைக்காரர். கடைத்தெருவில் அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் என்று இரண்டே பேரைச் சொல்வார்கள். அதில் ஒருவர் பிறகு வியாபாரத்தையே விட்டுவிட்டார்.

"இன்னொண்ணு" என்றார் முதலாளி, வாயில் இருப்பதை விழுங்காமலே.

"முதல்ல பழைய பாக்கியத் தீரு. அப்பாவுக்கு முத்தம் எங்க?"

"வேணாம்."

"உனக்கு வேணாம்டா. எனக்கு வேணுமே."

"வேணாம்" என்றார் முதலாளி, இருவருக்கும் சேர்த்து.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மச்சான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "அத்தான், கடைல யாராவது இப்படி ஏமாந்துட்டு நின்னா நீங்க அவங்களை என்ன சொல்வீங்க?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

அது கடைக்குச் சரக்கு ஏற்றும் வேன். பின்னால் இறக்க மறந்த கீல் பெட்டிகள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஜல் என்று சத்தம் போட்டன. குழந்தை உட்காரும் இருக்கையைக் கடைக்காரரே நட்டு போல்ட் வைத்து முடுக்கியிருந்தார். வேன் நொறுங்கினாலும் அது மட்டும் நிற்கும். முன் சீட்டில் அவர் மனைவி கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி வேலை முடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே வேனில் ஏறியவள். "ஒரு நாள் லீவு கெடச்சா வீட்லயே தூங்கலாமே" என்று கேட்டுப் பார்த்திருந்தாள். அவர் ஒப்பவில்லை.

லீவும் அவராக எடுத்ததல்ல. சாக்கடைக் குழாய் பதிக்கக் கடைத்தெருவை நடுவில் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு தாழ்ப்பாள் வாங்க எந்த வாடிக்கையாளரும் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்க மாட்டார். மற்றபடி அவர் கடைக்கு விடுமுறை என்பதே கிடையாது. பையன் எழுவதற்கு முன் போவார், தூங்கிய பின் வருவார். பையனுடைய முகம் அவருக்கு நன்றாகத் தெரியும், மூடிய கண்களோடு.

போன வாரம் பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்தார். கட்டிலருகே குனிந்தார். பையன் கண்ணைத் திறந்து பார்த்தான். ஊசி போட வந்த ஆளைக் கண்டதுபோல அலறினான். "ஒண்ணுமில்லடா கண்ணு, இது அப்பாடா" என்று மனைவி அறிமுகம் செய்துவைத்தாள். சொந்தப் பிள்ளையிடம் தன்னை ஒருவர் அறிமுகம் செய்துவைக்கும்படி ஆனது அவருக்குள் எங்கேயோ இறங்கிவிட்டது. அதைப் பிடுங்கி எறிவதற்குத்தான் இந்தப் பயணம். மாலைக்குள் பையன் ஒரு தடவையாவது, யாரும் சொல்லாமல், தானாக வந்து அவர் தோளில் ஏற வேண்டும். தூக்கி வைப்பது வேறு, ஏறுவது வேறு. அந்த வித்தியாசம் தெரியாத ஆளா அவர்?

பண்ணைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது முன்பணம் திரும்பி வந்தது. நான்கு கிரீம் பிஸ்கட்டும், அதற்கு முன் குடித்த பாலும், அவர் சட்டை மேலேயே வந்தன.

வேனை ஓரம் கட்டினார்கள். மனைவி எழுந்து, துண்டு, தண்ணீர், மாற்றுச் சட்டை என்று வரிசையாக எடுத்தாள். பாதிக் கண்ணைத் திறந்துகொண்டே முதலாளியைத் துடைத்து, உரித்து, வேறு உடை மாட்டினாள்.

"எத்தனை பிஸ்கட் குடுத்தீங்க?"

"கணக்கு வைக்கல."

"நீங்களா?" என்றாள். அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. சீட்டில் ஏறி, மறுபடி கண்ணாடியில் சாய்ந்துவிட்டாள்.

நகரத்துக் குழந்தைகளுக்கு மாடு காட்டுவதற்கென்றே திறந்து வைத்திருந்த பண்ணை அது. வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுக்குக் கீழே இலவசம் என்று பலகையில் எழுதியிருந்தது. கடைக்காரர் பலகையைப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. வாந்தி நாற்றத்தையும் மீறி முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

"ரெண்டு வயசுன்னா எந்தக் கணக்குல ரெண்டு? இவன் பாதி நேரம் தூங்கிடுவான். தூங்கறவனுக்கும் டிக்கெட்டா?"

"எழுதியிருக்கற விலைதாங்க."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்போ அழிக்கவும் நீங்களே போதுமே."

"முடியாதுங்க."

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பேச்சு வருவதற்கு முன் வருவது அது. "சரிங்க, பரவால்ல" என்று ஒரு பெருமூச்சு விட வேண்டும். திரும்ப வேண்டும். நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் கோபம் என்று தெரிந்துவிடும், மெதுவாக நடந்தால் ஆசை என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், மறந்துபோன வேறு வேலை ஒன்று நினைவுக்கு வந்தவன் மாதிரி நடக்க வேண்டும். முக்கியமாகத் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் விலை போயிற்று.

பின்னால் நின்ற இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. அவர் வேன் கதவில் கை வைத்த நேரம், "சரி, சரி, சின்னவருக்கு வேண்டாம், உள்ள வாங்க" என்று குரல் வந்தது.

"பாத்தியா?" என்றார் மச்சானிடம். "கூப்பிடுவாங்க. நாம திரும்பாம இருக்கணும், அவ்வளவுதான்."

"நானா இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

உள்ளே மாடு இருந்தது, ஆடு இருந்தது, வாத்துக் குளம் இருந்தது. முதலாளி வேனை விட்டு இறங்கியதும், வண்டி நிறுத்தும் இடத்தில் கொட்டியிருந்த சரளைக்கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், மாடு பாருடா! எவ்வளவு பெருசு! நம்ம வண்டி அளவு இருக்கு!"

முதலாளி ஒரு கல்லை எடுத்தார்.

"கொம்பு பாரு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. வாலு பாரு, ஈ ஓட்டும். பால் வேற குடுக்கும்."

முதலாளி அந்தக் கல்லை இன்னொரு கல்லின் மேல் வைத்தார். அது விழுந்தது. திருப்தியாகத் தலையாட்டினார்.

"அத்தான், விக்கறதுலயே குறியா இருக்கீங்க. வந்தவருக்கு என்ன வேணும்னு கேக்கவே இல்லையே."

"சரி, என்னடா வேணும்?"

"மாமா" என்றார் முதலாளி, கையைத் தூக்கிக்கொண்டு.

மாமா தூக்கினான். அவன் பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுபவன். சாயங்கால வேலைக்குப் போகும் முன் தினமும் அக்கா வீட்டுக்கு வந்து, முதலாளியை உத்தரம் வரை தூக்கிப் போட்டுப் பிடித்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் அவன் செய்தது. அதற்கு இத்தனை மரியாதையா என்று கடைக்காரருக்குத் தோன்றும். தோன்றிய கையோடு, அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்பதும் தோன்றும். உடனே வேறு எதையாவது யோசிப்பார்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் பொழுது இன்பமாகப் போனது. உள்ளே இருந்தவர்களுக்கு, முதலாளியை மாடு வரை தூக்கிப் போவதும், அவர் கல் வேண்டும் என்று அழுததால் திரும்பத் தூக்கி வருவதும், கழிப்பறைக்குப் போவதும், போகும் வழியிலேயே தேவை தீர்ந்துவிடுவதும், கால்சட்டை மாற்றுவதுமாகப் போனது. வெயில் ஏறியது. மூன்று பைகளோடு வந்தார்கள். மூன்றில் எதைத் திறந்தாலும் வேண்டியது மற்ற இரண்டில் ஒன்றில் இருந்தது. கடைக்காரருக்குத் தோள் வலித்தது. யாரும் ஏறாமலே வலித்தது.

மரத்தடியில் விரிப்பைப் போட்டு ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். முதலாளி மஞ்சள் கருவைத் தின்று வெள்ளையை மாமா சட்டைப் பைக்குள் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் மனைவி செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

"ஒரு மணி நேரம். எனக்கு அது போதும். அவனை நீங்க பாத்துக்கங்க. தீ பிடிச்சாக்கூட எழுப்பாதீங்க."

"யார் மேல?"

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

அவள் தூங்கியதை உறுதி செய்துகொண்டு கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். "நீயும் போய் வண்டில கொஞ்சம் படு. சாயந்தரம் வேலைக்குப் போகணும்ல?"

"அவன் என்னைக் கேப்பான் அத்தான்."

"கேக்கட்டும். கடைல இல்லாத சரக்கைக் கேட்டா, ஆளுங்க இருக்கறதைத்தான் வாங்கிட்டுப் போவாங்க."

மச்சான் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

ஆட்டுக் கொட்டகைக்குப் போகும் பாதையில் கொஞ்சம் சரளைக்கல் கிடந்தது. முதலாளி ஒரு காகிதக் குவளையில் அதை அள்ளிக் கொட்டி, மறுபடி அள்ளினார். கடைக்காரர் பக்கத்தில் குந்தினார்.

"மாமா எங்க?"

"மாமா தூங்கறான். அதான் அப்பா இருக்கேன்ல?"

முதலாளி எழுந்து, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"வா, அப்பா உன்னைத் தோள்ல வச்சு வாத்து காட்டறேன்."

"வேணாம்."

"ஒட்டகம் மாதிரி நடப்பேன்."

"வேணாம்."

"மாமா மாதிரி மேல தூக்கிப் போடறேன்."

முதலாளி யோசித்தார். அப்பாவின் தோள்களை அளந்தார், முழங்காலைப் பார்த்தார். "வேணாம்" என்றார்.

இவ்வளவு நேரமும் தான் செய்த தவறு கடைக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தார். காலையிலிருந்து ஆசையைக் காட்டிவிட்டார். பிஸ்கட் ஏறியது அதனால்தான். வாங்கியே தீருவான் என்று தெரிந்த ஆளிடம் எவன் விலையைக் குறைப்பான்? அவருக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. காலையில்தான் அது பலித்தது.

"சரிடா, பரவால்ல" என்று பெருமூச்சு விட்டார். "அப்பா போறேன்."

எழுந்தார். திரும்பினார். நடந்தார்.

அருமையான நடை அது. கடைத்தெருவே நின்று பார்த்திருக்கும். கை பேன்ட் பையில், தலை சற்றே சாய்ந்து, காது மட்டும் முழுக்கப் பின்னால். மூன்றாவது கடையைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள் என்பது தெரு வழக்கம். இங்கே கடைகள் இல்லாததால் வேலிக் கம்பங்களை வைத்துக்கொண்டார். மூன்று கம்பம் தாண்டியது. பையன் புதுசு, கொஞ்சம் தாமதிப்பான் என்று இன்னும் போனார். ஆட்டுக் கொட்டகை வந்தது. அதை ஒட்டி மண்வெட்டிகள் வைக்கும் அறை. அதன் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. கண் தானாகவே அங்கே போயிற்று. மட்டமான கீல், மூன்று திருகு போட வேண்டிய இடத்தில் இரண்டு, அதிலும் ஒன்று மரத்தில் பிடிக்கவே இல்லை. எந்தக் கடையில் வாங்கியிருப்பான் என்று குனிந்து பார்த்தார். விரலால் ஆட்டிப் பார்த்தார். இவர்களுக்கு நல்ல கீலாக ஒரு பெட்டி தள்ளினால், வேனிலேயே இருக்கிறது...

பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. தடதடவென்று, அவசரமாக, நேராக அவரை நோக்கி வந்தது. கடைக்காரர் நிமிரவில்லை. திரும்பவில்லை. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார், ஏற வசதியாக.

காலடிச் சத்தம் அவரைத் தாண்டிப் போனது. ஒரு கோழி.

திரும்பினார். பாதை காலியாக இருந்தது. காகிதக் குவளை கவிழ்ந்து கிடந்தது.

"டேய்" என்றார். குரல் மெல்லத்தான் வந்தது. மரத்தடியில் அவள் தூங்குகிறாள். எழுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். "டேய் முதலாளி." சத்தமில்லாமல் ஓடினார். வேலிக்குப் பின்னால் பார்த்தார், ஆடுகளுக்கு நடுவில் பார்த்தார். ஆடுகள் அவரைப் பார்த்தன. பாதையின் மறு முனையில் குளம் பளபளத்தது. நடுவில் ஏதோ ஒன்று மிதந்தது. சிவப்பாக.

பையனுக்குக் காலையில் மாற்றிய சட்டை என்ன நிறம்?

கடையில் எந்த அலமாரியில் எந்த அளவு கீல், எத்தனை பெட்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கடைசியாகப் போன பூட்டு எந்த வாடிக்கையாளருக்கு, அவர் சட்டை என்ன நிறம் என்றுகூடச் சொல்வார். பையன் சட்டை சிவப்பா? அவள்தான் மாட்டினாள். அவர் அப்போது தன் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வழியில் சாத்தியிருந்த சின்ன கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி, குளத்தில் இறங்கிவிட்டார். செருப்பு முதல் அடியிலேயே சேற்றில் போயிற்று. தொடை வரை தண்ணீர், அதற்குக் கீழே கணுக்கால் புதையச் சேறு. வாத்துகள் கத்திக்கொண்டு விலகின. விழுந்து எழுந்து, கையை நீட்டி, மிதந்ததைப் பிடித்தார். பிளாஸ்டிக் குடுவை. கைப்பிடி உடைந்த சிவப்புக் குடுவை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

அதற்கப்புறம்தான் குரல் வந்தது. "முதலாளீ! முதலாளீ!" பண்ணை முழுக்கக் கேட்டது.

ரப்பர் பூட்ஸ் பெண்மணி கரைக்கு ஓடிவந்தாள். "என்னங்க? யாரைத் தேடறீங்க?"

"முதலாளியக் காணோம்!"

"உங்க முதலாளியா? அவரும் வந்திருந்தாரா? எப்படி இருப்பாரு?"

"இவ்வளவு உயரம்" என்று தண்ணீருக்கு மேல் கையைக் காட்டினார். "கன்னம் பெருசா இருக்கும். கால்சட்டை நனைஞ்சிருக்கும்."

பெண்மணி அவரையும் குடுவையையும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு புரிந்தது. "பையனா? அட கடவுளே, முதல்ல வெளிய வாங்க. குளத்துக்கு வரணும்னா அந்தச் சின்ன கேட்டைத் தாண்டணும், அதை நீங்கதான் இப்பத் தொறந்துட்டு வந்திருக்கீங்க. இந்தப் பக்கம் இல்ல. பழத்தோட்டம் பக்கம் பாருங்க, அங்கதான் நெறைய பேர் உக்காந்திருக்காங்க."

பழத்தோட்டத்தில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. தொப்பி போட்ட பெரிய மனிதர் ஒருவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். பெரிய மனிதரின் மடியில், சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததுபோல, பையன் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான். சட்டை பச்சை.

கடைக்காரர் நின்றார். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சேறு, செருப்பில்லாத கால், கையில் சிவப்புக் குடுவை.

"என் பையன்" என்றார்.

தொப்பிக்காரர் பையனைச் சுற்றியிருந்த கையை எடுக்கவில்லை. நல்ல மனிதர், அதனால்தான் எடுக்கவில்லை. "அப்படிங்களா? தனியா நடந்து வந்தான். அப்பா எங்கன்னு கேட்டோம். அப்பா கடைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னான். அதான், கடையிலிருந்து வரட்டும்னு வச்சிருந்தோம்."

"நான்தாங்க அப்பா."

"தப்பா நெனைக்காதீங்க. காலம் அப்படி." குனிந்தார். "தம்பி, இவர் யாரு? அப்பாவா?"

பையன் சேற்று மனிதரை மேலிருந்து கீழே பார்த்தான். மென்றுகொண்டே பார்த்தான். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைக்காரர் சிரிக்க முயன்றார், அது இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். பையன் வெள்ளரிக்காயை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். இன்னொரு கடி கடித்தான்.

"போன்ல போட்டோ ஏதாவது இருக்குமே?" என்றாள் தொப்பிக்காரரின் மனைவி, உதவி செய்யும் எண்ணத்தோடு.

சட்டைப் பையில் இருந்த போன் நனைந்தும் நல்ல வேளையாக வேலை செய்தது. சேற்று விரலால் தள்ளினார். கீல். தாழ்ப்பாள். பித்தளைப் பூட்டு, முன்பக்கம். பித்தளைப் பூட்டு, பின்பக்கம். வாடிக்கையாளர் அனுப்பிய கதவு. கீல். கீல். இரண்டு பெண்களில் சின்னவள் எட்டிப் பார்த்து, "இவங்க திருடனாக்கா?" என்று கேட்டாள். தொப்பிக்காரர் அவளை அதட்டினார், ஆனால் அவர் கையும் கொஞ்சம் இறுகியது.

அந்த நேரத்தில் மச்சான் வந்தான். முதலாளி என்ற கூச்சல் வண்டி நிறுத்தும் இடம் வரை கேட்டு எழுந்து ஓடிவந்திருக்கிறான்.

"மாமா!" பையன் வெள்ளரிக்காயை எறிந்தான். தொப்பிக்காரரின் மடியிலிருந்து சரிந்து இறங்கி, ஓடி, மாமாவின் காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, தோளில் ஏறிவிட்டான். தானாக. யாரும் சொல்லாமல்.

தொப்பிக்காரர் முகம் தெளிந்தது. "நீங்க மாமாவா? அப்ப சரி. இவரு...?"

மச்சான் அத்தானைப் பார்த்தான். கிண்டல் ஒன்று அவன் வாய் வரை வந்ததை அவரும் பார்த்தார். அவன் அதை விழுங்கினான். "இவருதாங்க அப்பா. எனக்குத் தெரியும்."

மச்சான் சிபாரிசில் அப்பா ஆனார் அவர். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பையன் மாமாவின் தோளில் இருந்தபடி அவரைச் சுட்டிக் காட்டி, "அழுக்கு" என்றான். பேரம் பேச அதில் ஒன்றும் இல்லை.

மரத்தடிக்குப் போகும் வழியில் மச்சான் மெதுவாகக் கேட்டான். "அக்காகிட்ட சொல்லப் போறீங்களா?"

"தெரியல."

"நான் வாயத் தொறக்க மாட்டேன். அது உங்க விஷயம்."

அந்தக் கூச்சலிலும் தூங்கியவள் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் செருப்பின் அச்சு இருந்தது. கணவனைத் தலையிலிருந்து வெறுங்கால் வரை பார்த்தாள்.

"என்ன இது?"

"குளம் பாத்தேன்."

"உள்ள இருந்தா?"

திரும்பும் வழியெல்லாம் கீல் பெட்டிகள் ஜல் ஜல் என்றன. பையன் ஏறியதுமே தூங்கிவிட்டான். கடைக்காரர் பக்கத்தில் பிளாஸ்டிக் பை விரித்து அதன் மேல் உட்கார்ந்து வந்தார். சேறு காய்ந்து தொடையில் இழுத்தது. கடைத்தெருச் சங்கத்திலிருந்து போனில் செய்தி வந்தது: பள்ளம் மூடியாகிவிட்டது, நாளைக் காலையில் கடை திறக்கலாம். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

விளக்கு போடும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மச்சான் தூங்குகிற பையனை இருக்கையிலிருந்து கழற்றி எடுத்தான். மணியைப் பார்த்தான். "அத்தான், புடிங்க. எனக்கு வேலைக்கு நேரமாச்சு." பையனை அவர் தோளில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பாதி முட்டையை எடுத்து எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

பையன் கனத்தான். விழித்திருக்கும்போது இருப்பதைவிடத் தூங்கும்போது குழந்தைகளுக்குக் கனம் அதிகம். இரும்பை ஆயுசு முழுக்கத் தூக்கியவருக்கு அது தெரியாமல் இருந்தது. மனைவி மூன்று பைகளோடு முன்னால் ஏறினாள், ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு விட்டு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் சொன்னார்.

"இன்னிக்கு அவனத் தொலைச்சுட்டேன்."

அவள் நின்றாள். பைகளைக் கீழே வைத்தாள். படியில் உட்கார்ந்தாள்.

"நான் தூங்கும்போதா?"

"ஆமா. கூப்பிடுவான்னு நெனச்சுத் திரும்பாம நடந்தேன். கூப்பிடல."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. நடுவுல ஒரு கீலைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அவர் தோளில் இருந்தவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் வாயை மூடிக்கொண்டு, கையால் முகத்தைத் துடைத்தாள்.

"நாளைக்குத் திட்டறேன். இன்னிக்கு முடியல."

"சரி."

"மறந்துட மாட்டேன்."

"தெரியும்."

"காலைல நீங்க கடைக்குப் போயிடுவீங்க. எனக்கு நாளைலேந்து மத்தியான ஷிப்ட்டு. எப்பத் திட்டறது?"

"நீ எழுந்திரிக்கற வரைக்கும் இருக்கேன். திட்டி முடிச்சதும் போறேன்."

"அதுக்கு ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

அவள் எழுந்து பைகளை எடுத்தாள். அப்போது பையன் அசைந்தான். கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கை மேலே ஊர்ந்து வந்து கழுத்தைச் சுற்றிக்கொண்டது, இன்னொன்று சட்டைக் காலரைப் பிடித்தது. உடம்பை ஒரு உந்து உந்தி, தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டான். வெள்ளரிக்காய் வாசனையோடு அவர் காதுக்குள் சொன்னான்.

"மாமா."

மனைவி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். திருத்தட்டுமா என்று கேட்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பையனின் முதுகைத் தட்டினார்.

"ம்" என்றார், மாமாவாக.

மீதிப் படிகளை அசையாமல் ஏறும் வித்தை எப்படி என்று கண்டுபிடித்துக்கொண்டே ஏறினார். ஏறும்போது பழக்க தோஷத்தில் அன்றைய கணக்கும் மனதுக்குள் முடிந்தது. செலவு: செருப்பு ஒரு ஜோடி, சட்டை ஒன்று, கடைத்தெருவில் சம்பாதித்த பெயர் முழுவதும். வரவு: மச்சான் பெயருக்கு வந்த அணைப்பு ஒன்று, விலாசம் மாறி இறங்கியது, திருப்பி அனுப்பவில்லை. கொடுக்க வேண்டிய பாக்கி: மச்சானுக்கு ஒரு நன்றி, மனைவிக்கு அவள் திட்டி முடிக்கும் வரை ஒரு காலை, பையனுக்கு ஓர் அப்பா. முதல் இரண்டையும் நாளைக்கே தீர்த்துவிடலாம். மூன்றாவது ஒரே தவணையில் தீராது.